நீலக் கோட்டுப் போட ஆளில்லை

பேண்டு செட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நான் டிரம்பெட்டைக் கீழே வைத்துச் சில வருஷங்கள் ஆகின்றன. முன்பற்கள் போன பிறகு டிரம்பெட்காரன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. பல் செட் கட்டிக்கொண்டு ஊதிப் பார்த்தேன். ஒரு முகூர்த்தத்தில் அது கழன்று வாய்க்குள்ளேயே சுற்றியது, அதோடு நிறுத்திக்கொண்டேன். பல் போனாலும் நாக்குக் குறையவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மைதான்.

ஊதக் கற்றுக்கொள்வது பற்றி இங்கே ஒன்றும் எழுதப் போவதில்லை. அதைச் சொல்லித்தரப் போனில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். புக்கிங் கேன்சல் ஆகும்போதும், ஒரே நாளில் இரண்டு இடத்தில் நம்மை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போதும் என்ன செய்வது என்பதை அவர்கள் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் மனிதர்கள் எவ்வளவு மட்டமாக நடந்துகொள்வார்கள் என்று தெரியும். புக் செய்தவர்களும் சரி, ஊதப் போன நாமும் சரி.

கேன்சல் செய்கிறவர்களில் யோக்கியன் போன் போட்டுத் திட்டு வாங்கிக்கொள்வான். அயோக்கியன் இரண்டு கை கும்பிடுகிற பொம்மையை மெசேஜில் அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிடுவான். அந்தக் கும்பிடு பொம்மையைக் கண்டுபிடித்தவனை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இன்னொரு ரகம் உண்டு. வாசல் வரை வரவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போடும்போது வந்து சொல்வார்கள்.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். தலைமுறை தலைமுறையாக அதே சர்ச், அதே பெஞ்சு என்று பெருமை பேசும் குடும்பம். சர்ச் வாசலில் நாங்கள் வரிசையாக நின்றபோது பெண்ணின் மாமா வந்தார். மாப்பிள்ளையின் நண்பர் கனடாவிலிருந்து வந்திருக்கிறாராம், சாக்ஸபோன் வாசிப்பாராம், அதனால் பேண்டு தேவையில்லையாம். "நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. ஹாலுக்குப் போய் நல்லா சாப்ட்டுட்டுக் கெளம்புங்க" என்றார், ஏதோ சொத்தை எழுதிக் கொடுப்பவர் போல. நாங்களும் ஹாலின் பின்புறம் போய் இலை போட்டு உட்கார்ந்தோம். கனடாக்காரருக்கு மூன்று பாட்டுத் தெரிந்திருந்தது. சர்ச்சிலிருந்து ஹால் வரை ஊர்வலம் வர மூன்று பாட்டுப் போதாது என்பது பாதி வழியில்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மாமா வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். எங்கள் மாஸ்டர் கையில் இருந்த கோழித் துண்டைக் கீழே வைக்கவில்லை.

"சாப்ட்டுட்டுப் போகச் சொன்னீங்களே சார், சாப்ட்டுக்கினு இருக்கோம்" என்றார்.

ஊர்வலம் அந்த மூன்று பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. நான் இரண்டாம் முறை பிரியாணி வாங்கினேன். கேன்சல் செய்தவனுக்கு இரக்கம் காட்டாதீர்கள். அவன் வேறு ஒருவரை நம்பித்தான் உங்களை அனுப்பினான், அவரிடமே போகட்டும்.

மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் செட்டின் முதலாளி அவர். கிளாரினெட் வாசிப்பார். என்னைவிட இரண்டொரு வயது சிறியவர். பெயரைப் போட்டால் அவர் பிள்ளைகள் என் வீட்டு வாசலில் வந்து சண்டை போடுவார்கள், அதனால் மாஸ்டர் என்றே எழுதுகிறேன். கிளாரினெட்டை அவர் வாயில் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். வாயிலிருந்து எடுத்துவிட்டால் ஒரு வார்த்தையை நம்ப முடியாது. யார் கேட்டாலும் "வந்துடறோம்" என்பார். இல்லை என்ற சொல் அவருக்கு வராது. பல பேர் இதை நல்ல குணம் என்று நினைக்கிறார்கள். நான் இதைக் கோழைத்தனம் என்று நினைக்கிறேன்.

இனி டம்மிகள். நீங்கள் எல்லோரும் டம்மியாக நின்றுதான் இந்தத் தொழிலுக்குள் வந்திருப்பீர்கள், ஆகவே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். கல்யாண வீட்டுக்காரன் பதினைந்து பேர் வேண்டும் என்பான். ஊதத் தெரிந்தவர்கள் ஆறு ஏழு பேர்தான் இருப்பார்கள். மிச்சத்துக்கு டயர் கடையிலிருந்தும் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்தும் ஆள் பிடித்துக் கோட்டு மாட்டி, ஓட்டை டிரம்பெட் ஒன்றைக் கையில் கொடுத்து, கன்னத்தை உப்பிக்கொண்டு நில் என்று நிறுத்துவோம். எல்லா செட்டிலும் நடப்பதுதான். எங்கள் செட்டில் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது. ஊதுகிறவனுக்குச் சிவப்புக் கோட்டு, டம்மிக்கு நீலக் கோட்டு. முன்வரிசை சிவப்பு, பின்வரிசை நீலம். பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம். எங்களுக்கு அது அந்தஸ்து. சிவப்புக் கோட்டுக் கிடைத்த அன்று, யூஃபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதும் எங்கள் யூஃபோனியக்காரன் தன் மாமியார் வீட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டே போனான் என்று சொல்வார்கள்.

ஒரு நாள் மாஸ்டரின் ரூமுக்கு ஜீவனஹள்ளியைச் சேர்ந்த சாந்தி என்ற பெண் வந்தாள். ரூம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கையைப் பிடித்துக்கொண்டு மகள் ஹர்ஷிதா, ஏழு வயது இருக்கும். பிறந்ததிலிருந்து காது கேட்காத குழந்தை. தலைக்குள் ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னால் ஒரு மிஷின் மாட்டியிருந்தார்கள். அதோடு சேர்ந்த வட்டமான வில்லை ஒன்று தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் நடந்தால் ஆடி ஞாயிற்றுக்கிழமை தெரு அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக, அதுவும் பேண்டு வாத்தியத்தோடு எடுப்பதாக சாந்தி வேண்டிக்கொண்டிருந்தாள்.

"ஊதறது நல்லா கேக்கணும் மாஸ்டர். பாப்பா இதுவரைக்கும் பேண்டு கேட்டதே இல்ல. தெருவுல போறப்ப பாத்துருக்கா, அவ்ளோதான்" என்றாள்.

அந்தக் குழந்தை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பழக்கிக்கொண்டிருந்தார்களாம். மேஜை மேல் மாஸ்டர் சாவிக்கொத்தைப் போட்டதும் அது கையைத் தூக்கியது. சாந்தி அதைப் பார்த்து முகமெல்லாம் பூரித்துப்போனாள். ஆடி நாலாம் ஞாயிறு என்று பேசி, மாஸ்டர் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டார்.

இங்கே ஒரு பஞ்சாங்க விஷயம் சொல்ல வேண்டும். பெங்களூரில் வாத்தியம் பிடிக்கிறவனுக்கு இது தெரியாவிட்டால் பிழைப்பு நாறிப்போகும். நமக்கு ஆடியில் கல்யாணம் கிடையாது. கன்னடக்காரர்களுக்கு ஆஷாடத்தில் கல்யாணம் கிடையாது. இரண்டும் ஒன்றுதானே என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர்களுடைய ஆஷாடம் பெரும்பாலும் நம் ஆடிக்கு முன்னாலேயே தொடங்கி முன்னாலேயே முடிந்துவிடும். நம் தெருக்களில் கூழ் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்குச் சிராவணம் பிறந்து மண்டபங்களில் கல்யாணம் ஆரம்பித்துவிடும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மாஸ்டருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஒவ்வொரு வருஷமும் மாட்டிக்கொண்ட பிறகு தெரியும்.

ஊரின் மறு கோடியில், பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு பெரிய மண்டபத்தில் கன்னடக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. ஈவென்ட் கம்பெனி ஒன்று போன் செய்து, சிராவணத்தில் இரண்டாவது ஞாயிறு என்றது. சிராவணம் என்றால் ஆடி முடிந்துவிட்டிருக்கும், நாம் சும்மாதான் இருப்போம் என்று மாஸ்டர் "வந்துடறோம்" சொல்லிவிட்டார். இரண்டும் ஒரே ஞாயிறு என்று அந்த வாரம்தான் தெரிந்தது.

"ரெண்டு பேர்ல ஒருத்தருக்குச் சொல்லிடுங்க. இன்னும் நாள் இருக்கு, வேற செட்டு கெடைக்கும்" என்றேன்.

"இன்னாத்துக்கு? ரெண்டா பிரிஞ்சா ஆச்சு" என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். நாள் குழம்புவது யாருக்கும் நடக்கும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. போனை எடுத்து, "என் தப்பு, வர முடியாது, இன்னாரைக் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத் திட்டுக்குப் பயந்து நாம் அடிக்கிற கூத்து இருக்கிறதே, அதில்தான் ஊரே சிரிக்கிறது.

மாஸ்டரின் திட்டம் இதுதான். கல்யாணத்துக்குச் சிவப்புக் கோட்டு வேண்டும் என்று ஈவென்ட் கம்பெனி சொல்லியிருந்தது. ஆகவே கல்யாணத்துக்கு மாஸ்டர், நான், இன்னும் இரண்டொருவர். கூட உயரமான டம்மிகள் சிலருக்கும் சிவப்புக் கோட்டு. ஜீவனஹள்ளிக்கு யூஃபோனியக்காரன், இரண்டாம் டிரம்பெட், சைடு டிரம் அடிப்பவன், இந்த மூவரும், வரிசை ஒரே நிறமாக இருக்கட்டும் என்று, நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு மற்ற டம்மிகளோடு ரூமிலேயே இருந்து, சாயங்காலம் நடந்து போக வேண்டும். சொல்லிவிட்டு, மண்டபத்தைப் பார்க்க மாஸ்டர் தன் ஸ்கூட்டரில் முன்னாலேயே போய்விட்டார். அதுதான் வினை.

மத்தியானம் வேன் வந்தது. நான் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பொம்மனஹள்ளியில் இறங்கிப் பின்னால் திரும்பிப் பார்த்தால் யூஃபோனியக்காரன் சிவப்புக் கோட்டில் இறங்குகிறான். அவனுக்குப் பின்னால் இரண்டாம் டிரம்பெட், சிவப்பு. அவனுக்குப் பின்னால் சைடு டிரம்காரன், சிவப்பு.

"டேய், நீங்க ஜீவனஹள்ளிதானே?" என்றேன்.

"நான் ஒருத்தன் வந்தா இன்னா, அவங்க ரெண்டு பேரு இருக்காங்களேன்னு நெனச்சேன்" என்றான் யூஃபோனியக்காரன். மற்ற இருவரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள். எனக்குக் கேட்கும்போதே பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் விஷயம் இவ்வளவுதான். நீலக் கோட்டுப் போட்டால் டம்மி என்று நினைத்துவிடுவார்கள். அதுவும் சொந்தத் தெருக்களில், தெரிந்தவர்கள் முன்னால். மூன்று பெரிய வித்வான்களுக்கும் அது தாங்கவில்லை. ஜீவனஹள்ளியில் இருந்தது முழுக்க நீலம். அந்த நீலத்தில் ஒருவனுக்கும் ஊதத் தெரியாது.

மாஸ்டரிடம் சொல்வதற்குள் காதில் ஹெட்செட் மாட்டிய ஒரு பெண் எங்களை வரிசையில் நிறுத்த ஆரம்பித்துவிட்டாள். ஈவென்ட் கம்பெனிக்காரி. எல்லோரையும் அங்கிள் என்றாள். உயரமாக, வயசு குறைவாக இருப்பவர்கள் முன்னால் என்றாள். அதாவது டம்மிகள் முன்னால். முப்பது வருஷம் ஊதி வயிறு பெருத்த நாங்கள் பூந்தொட்டிக்குப் பின்னால்.

"லைவ் வேண்டாம் அங்கிள். ட்ராக் ரெடியா இருக்கு. நீங்க சும்னே வாயில வெச்சுட்டு ஆக்ட் பண்ணுங்க, அஷ்டே, அவ்ளோதான்" என்றாள்.

"ஊதவே வேணாமாம்மா?" என்றார் மாஸ்டர்.

"ஊதினா ட்ராக்கோட க்ளாஷ் ஆகும். மேலே ட்ரோன் வரும், அதைப் பார்த்து ஸ்மைல் பண்ணிட்டே ஊதுங்க."

சிரித்துக்கொண்டே டிரம்பெட் ஊத முடியாது என்று அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒத்திகை பார்த்தார்கள். ஸ்பீக்கரில் யாரோ எங்கேயோ ஊதிய பேண்டு கிழித்தது. நாங்கள் விரல்களை மட்டும் அசைத்தோம். யூஃபோனியக்காரன் குஷியாகிவிட்டான். "ஊதாமலே சம்பளம். இதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று என் காதில் சொன்னான். நானும் பொய் சொல்ல மாட்டேன், அந்த ஏசி எனக்கும் இதமாகத்தான் இருந்தது.

அப்போது மாஸ்டருக்குப் போன் வந்தது. நீலக் கோட்டுக்காரர்களில் சதீஷ் என்று ஒருவன், டயர் கடையில் வேலை பார்ப்பவன். அவன்தான் பேசினான். மாஸ்டரின் போனில் யார் பேசினாலும் பக்கத்துத் தெரு வரை கேட்கும்.

"மாஸ்டர், சாந்தியக்கா வீட்டு முன்னால வந்துட்டோம். ஊதறவங்க யாரையும் காணோம். இன்னா பண்ண?"

மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பினார். அந்த மூவரையும் பார்த்தார். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அப்போதும் புத்தி வரவில்லை. "நீங்க வழக்கம்போல வாயில வெச்சிக்கினு நில்லுங்கடா. நான் ஆள் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். யாரை அனுப்புவது, எப்படி அனுப்புவது என்று ஒன்றும் யோசிக்காமல் சொன்னார். வந்துடறோம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி சதீஷ். இந்தத் தடவை அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மாஸ்டர், நீங்க சொன்ன மாதிரியே வாயில வெச்சிக்கினு நின்னோம். அந்தப் பாப்பா எங்க வாயையே பாத்துக்கினு இருந்துச்சு. கையைப் பாதி தூக்கிச்சு, அம்மாவைப் பாத்துச்சு, எறக்கிச்சு. ஒரு குடிகாரன் வந்து எங்களைக் கிண்டல் பண்ண, சத்தமே இல்லாம எங்க முன்னால ஆடினான் மாஸ்டர். அதைப் பாத்துட்டு அது, எல்லாருக்கும் கேக்குது, தனக்கு மட்டும்தான் கேக்கலன்னு நெனச்சிக்கிச்சு. மிஷின் வேலை செய்லன்னு கழட்டிட்டு அழுவுது. சாந்தியக்கா எங்களை ஒரு வார்த்தை கூடத் திட்டல. நீங்க வாங்க மாஸ்டர்."

மாஸ்டர் போனைப் பையில் வைத்தார். பிறகு நேராக ஹெட்செட் பெண்ணிடம் போனார்.

"ஒண்ணு கேக்கறேம்மா. உனக்கு ஊதறவன் வேணுமா, நிக்கறவன் வேணுமா?"

அந்தப் பெண் ஒரு வினாடி யோசித்தாள். "நிக்கறவங்கதான் அங்கிள். பன்னெண்டு பேர். ஹைட் இருந்தா பெட்டர்."

"மாப்ள வர்றதுக்குள்ள அனுப்பறேன். எல்லாரும் ஹைட்டு. இப்ப கொஞ்சம் ஆளுங்களை எடுத்துக்கினு போறேன்."

"ஒருத்தர் கொறைஞ்சாலும் எங்க கம்பெனி புக்கிங்கை மறந்துடுங்க" என்றாள். அந்தக் கம்பெனிதான் எங்களுக்கு வருஷத்தில் பாதிக் கல்யாணங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு எங்களிடம் வந்தார்.

"வர்றவன் வா" என்றார்.

யூஃபோனியக்காரன் நகரவில்லை. "எதுக்கு மாஸ்டர்? அங்கயும் ஒரு ஸ்பீக்கர் வெச்சா முடிஞ்சுது. இங்க ஏசி, புஃபே. அங்க போனா நெருப்பு பக்கத்துல நடந்துக்கினே ஊதணும்." இரண்டாம் டிரம்பெட் அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

அத்தனை வருஷத்தில் மாஸ்டர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று யூஃபோனியக்காரனின் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டார். "நீ இரு. நிக்கறதுக்கும் ஆள் வேணும்" என்றார்.

சைடு டிரம்காரன் டிரம்மைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவனுக்கு மட்டும் முகம் செத்திருந்தது. மாஸ்டர், நான், அவன் மூன்று பேரும் வேனில் ஏறினோம். சில்க் போர்டு சிக்னலில் நின்றபோது மாஸ்டர் கிளாரினெட்டின் வாயில் சீவாளி போல இருக்கும் ரீடை எடுத்துப் புதிதாக மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிழைத்தோம், மற்ற நாளாக இருந்தால் அந்த சிக்னலிலேயே தீச்சட்டி அணைந்திருக்கும்.

கல்யாணத்தில் என்ன ஆயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைச் சொல்ல ரொம்ப நேரம் ஆகாது. ஜீவனஹள்ளியில் எங்களை இறக்கிவிட்ட அதே வேனில் சதீஷும் மற்ற நீலங்களும் ஏறிப் போனார்கள். எங்கள் சிவப்புக் கோட்டுகளைக் கழற்றிச் சதீஷுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கொடுத்தோம், மற்றவர்களுக்கு ரூமிலிருந்து பழைய சிவப்பு. அவர்களுடைய நீலத்தை நாங்கள் போட்டுக்கொண்டோம். மாஸ்டருக்கு அது தோளில் இறுக்கிப் பிடித்தது. மண்டபத்தில் இவர்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்கள், ட்ராக் ஓடியது, ட்ரோன் பறந்தது, மாப்பிள்ளை வந்தான். மறுநாள் ஹெட்செட் பெண் மாஸ்டருக்கு மெசேஜ் அனுப்பினாள். பேண்டு பிரமாதமாம். குடும்பமே பாராட்டியதாம். அடுத்த மாதமும் இதே டீம்தான் வேண்டுமாம், முன்பு வந்த வயசானவர்கள் வேண்டாமாம். அந்தக் கல்யாணத்தில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. காதுள்ளவர்கள் என்று இவர்களைத்தான் சொல்கிறோம்.

ஜீவனஹள்ளியில் சாந்தியின் சந்து வேப்பிலைத் தோரணத்தோடு இருந்தது. நாங்கள் போனபோது விளக்கு வைக்கும் நேரம். சாந்தி மஞ்சள் புடவையில், கையில் காப்போடு நின்றாள். சட்டியில் கொப்பரையும் கற்பூரமும் அடுக்கியிருந்தது, இன்னும் ஏற்றவில்லை. காப்புக் கட்டிய பிறகு அன்றைக்கு எடுக்காவிட்டால் அடுத்த ஆடி வரை வேண்டுதல் நிற்கும். விழாக் கமிட்டியைச் சேர்ந்த வெள்ளைச் சட்டை ஒன்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ நேரம்மா? மத்த சட்டியெல்லாம் கெளம்பிடுச்சு. ஆட்டோல ஸ்பீக்கர் இருக்கு, பேண்டுப் பாட்டே போடறேன். அம்மனுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"அம்மனுக்கு ஒண்ணா இருக்கலாம். நான் பாட்டுப் பெட்டிக்கு வேண்டிக்கல" என்றாள் சாந்தி. பிறகு எங்களைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "ஊதறவங்கன்னு சொல்லித்தானே மாஸ்டர் வெத்தலை பாக்கு வாங்கினீங்க? பொம்மைங்களை அனுப்பிச்சிருக்கீங்க. அவங்க ஊதல, உன் காதுக்கு ஒண்ணும் ஆகலன்னு எப்டி நான் அவளுக்குச் சொல்றது? மிஷினைக் கழட்டிட்டாளே, நான் சொல்றதும் கேக்காதே."

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டார். அவர் அன்று செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

ஹர்ஷிதா வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். மிஷின் அவள் கைக்குள் இருந்தது. கண் வீங்கியிருந்தது. அவளைச் சுற்றி நாலைந்து பெண்கள் குனிந்து, கெஞ்சி, சாக்லேட் காட்டி, மிஷினை மாட்டிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. மறுபடி நீலக் கோட்டுகள் வந்து நிற்பதை மட்டும் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏழு வயதுக் குழந்தை என்னை அப்படிப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட அவமானத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

"எல்லாரும் தள்ளிப் போங்க. அவளை விடுங்க" என்றார் மாஸ்டர். பிறகு என்னிடம், "ஊது. மேல் ஸ்தாயில எடு. தயவு தாட்சண்யமே பாக்காத" என்றார்.

அந்தச் சந்து மிகவும் குறுகல். இரண்டு பக்கமும் சுவர். அங்கே டிரம்பெட்டை முழு மூச்சோடு ஊதுவது நாகரிகமான காரியம் இல்லை. ஊதினேன். எதிர் வீட்டு வாசலில் ஒருத்தியின் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை தூக்கிவாரிப்போட்டு வீறிட்டது. படிக்குக் கீழே கிடந்த நாய் எழுந்து வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. மாடிக் கம்பியில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. வெள்ளைச் சட்டைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஹர்ஷிதா திரும்பினாள். கைக்குழந்தை அழுவதைப் பார்த்தாள். நாய் போன திசையைப் பார்த்தாள். தலையைத் தூக்கிப் புறாக்களைப் பார்த்தாள். முன்பு நீலக் கோட்டுக்காரர்கள் நின்றபோது இதெல்லாம் நடக்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் மூச்சு வாங்கினேன், மறுபடி ஊதினேன். என் கன்னத்தையும் கைக்குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே கையைத் திறந்தாள். மிஷினைக் காதில் மாட்டி, வில்லையைத் தலையில் ஒட்டினாள்.

ஒட்டிய உடனே முகம் கோணிக்கொண்டது. கையைத் தூக்கவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் காதையும் மிஷினையும் சேர்த்து இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

"ம்மா! சத்தம்!" என்று கத்தினாள். சரியாக வராத பேச்சு, ஆனால் சந்தில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

சாந்தி கற்பூரத்தை ஏற்றச் சொன்னாள். நெருப்புப் பிடித்ததும் வேப்பிலையை அடியில் வைத்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டாள். மாஸ்டரின் கிளாரினெட் சேர்ந்தது, சைடு டிரம் சேர்ந்தது, நடக்க ஆரம்பித்தோம். குழந்தை அம்மாவின் பக்கத்திலேயே காதைப் பொத்திக்கொண்டு, எங்களை முறைத்துக்கொண்டு வந்தது. மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. குழந்தைக்கு வலிக்கப் போகிறது என்று, குறைத்து ஊதும்படி என்னிடம் கையைக் காட்டினார். நான் மூச்சை அடக்கினேன்.

சாந்தி உடனே திரும்பினாள். நெருப்பு வெளிச்சத்தில் முகமெல்லாம் கண்ணீரும் வியர்வையுமாக இருந்தது.

"கொறைக்காதீங்க" என்றாள். "அவ பொத்தட்டும். நான் பாக்கணும்."